உங்களுக்கும் ஒன்று தந்திருக்கிறார், அண்ணே

அண்ணே,

நீங்கள் போனை எடுத்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். ஊரே பார்க்கிற இடத்தில் உங்களுக்குக் கடிதம் போடுவது சரியில்லைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு ஒரு பதில்கூடப் போடாதவர், நான் இங்கே எழுதுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் படிக்கிறார் என்று உங்கள் மகள் சொன்ன பிறகு வேறு வழி தெரியவில்லை. உங்கள் ஊர், பேர், கம்பெனி எதையும் எழுதப்போவதில்லை. உங்கள் சம்பந்தி வீட்டார் படித்தாலும் யாரோ ஒரு அண்ணன் என்றுதான் நினைப்பார்கள்.

நேபாளத்தில் பி.கே.யின் ஊரான போஜ்பூர் போய்விட்டு வந்துவிட்டேன். உங்களை விட்டுவிட்டுப் போனதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு சித்திரையிலும் "அடுத்த சித்திரைக்குப் போவோம்டா" என்றது நீங்கள். கடைசியில் நானே டிக்கெட் போட்டேன். ஜோக்பனியில் ரயிலை விட்டு இறங்கி எல்லையைத் தாண்டினால் விராட்நகர். பிறகு தரான், தன்குட்டா, ஹிலே. அங்கிருந்து அருண் ஆற்றுக்கு இறங்கி மறுபடி மலையேற வேண்டும். இடுப்பு கழன்றுவிட்டது. நீங்கள் வந்திருந்தால் ஹிலேயிலேயே திரும்பலாம் என்றிருப்பீர்கள்.

தோஹாவில் நம்மோடு இருந்த பி.கே. நன்றாக இருக்கிறார். இளைத்திருக்கிறார், தலை நரைத்துவிட்டது. மறுபடி அப்பாவின் உலையில் உட்கார்ந்துவிட்டார். தன் கையால் அடித்த குக்ரி, அதான் கூர்க்காக்களின் வளைந்த கத்தி, இரண்டு கொடுத்தனுப்பினார். ஒன்று எனக்கு, இன்னொன்று உங்களுக்கு. உங்களுடையதைத் தருவதா வேண்டாமா என்று வந்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று ராத்திரிதான் முடிவு செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொடுக்கும்போது அவர் சொன்னது இதுதான்: "அவருக்கு இரும்பு தெரியும். குறை இருந்தால் சொல்லச் சொல்." இதில் குத்தல் ஏதும் இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்கிறார்.

நீங்கள் பார்க்கும்வரை என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் பட்டறையில் பிறந்தவனில்லை, தப்பாக இருந்தால் திட்டுங்கள். திட்டுவதற்காகவாவது கூப்பிடுவீர்கள்.

உங்களுடையதன் அலகு எட்டே முக்கால் அங்குலம். வயிறு பெருத்த இடத்தில் அகலம் 2 அங்குலத்துக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவு. முதுகு, பூணை ஒட்டிய இடத்தில் மூன்று நூல் கனம், நுனிக்குப் போகப் போக ஒல்லியாகிறது. அளவை நான்தான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன், ஏனென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (மற்றவர்களுக்கு: நம் நாட்டு ஆயுத விதிகளில் குக்ரியைப் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்ததாக இல்லாவிட்டால் சிக்கல். விமானத்தில் பெட்டிக்குள் வைத்து, லக்கேஜில் போட்டுத்தான் கொண்டுவந்தேன். போதுமா?)

இரும்பு லாரியின் வில்பட்டை. ஆமாம், உங்கள் அப்பா அரிவாளுக்கு எடுத்த அதே சரக்கு. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள் என்று அங்கேயே நினைத்தேன். இமயமலைக்குப் போய் லாரிப் பட்டை வாங்கி வந்திருக்கிறான் பார்!

ஆனால் தோய்ச்சல் வேறு மாதிரி. நீங்கள் தொட்டியில் அலகின் வாயை, வெட்டுகிற ஓரத்தை, மட்டும் முக்கி எடுப்பீர்கள். அவர் பழுத்த அலகை இடது கையில் குறட்டோடு பிடித்துக்கொண்டு, வலது கையில் டீக்கடை கெட்டிலை எடுத்தார். வாய் ஓரமாக, வயிற்றிலிருந்து தொடங்கி முன்னும் பின்னுமாகத் தண்ணீர் ஊற்றினார். முதுகில் ஒரு சொட்டு விழவில்லை. வாய் கறுத்து இறுகும்போதும் முதுகு சிவப்பாகவே நிற்கிறது. அந்த மிச்சச் சூடு மெல்ல வாய்க்கு இறங்கிப் பதம் கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து அரத்தை வைத்துப் பார்த்தேன். வயிற்றில் வழுக்கிக்கொண்டு போகிறது, முதுகில் கடிக்கிறது. நுனிப் பக்கமும் பூணுக்கு அருகேயும் இரண்டுக்கும் நடுவில். வெட்டு விழுகிற இடம் கெட்டியாகவும் அடி வாங்குகிற இடம் வளைந்து கொடுப்பதாகவும் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதுதான். வெறும் கெட்டிலில் அதைச் செய்கிறார் அந்த மனிதர்.

பிடி சிசௌ மரம், நம் ஊர் ஈட்டி மரத்துக்குச் சொந்தக்கார மரம். வால் பிடிக்குள் முழுதாக ஓடுகிறது. உள்ளே லாஹா என்கிற அரக்கைக் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். எனக்கு எருமைக் கொம்புப் பிடி போட்டுவிட்டு உங்களுக்கு ஏன் மரம் என்று கேட்டேன். "அவர் உலைக்குப் பக்கத்தில் வைப்பார். கொம்பு சூட்டுக்கு வெடித்துவிடும்" என்றார். பட்டறையை மூடிவிட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

இனி குறைகள். பித்தளைப் பூணுக்கும் பிடிக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கிறது, அரக்கால் அடைத்திருக்கிறார். முதுகை ஒட்டி ஒரு சம்மட்டி அடி ஆழமாக விழுந்து, தேய்த்தும் போகாமல் நிற்கிறது. நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் அலகு அரை நூல் இடது பக்கம் சாய்கிறது. அல்லது என் கண் சாய்கிறது. உறைக்குள் வைக்கப்பட்ட இரண்டு குட்டிக் கத்திகளில் கர்தா நன்றாக இருக்கிறது. சக்மக் என்கிற மொண்ணைக் கத்தி, சாணை பிடிக்கவும் தீ மூட்டவும், கொஞ்சம் அவசரத்தில் செய்தது போலத் தெரிகிறது. உறை புதிதாக இருப்பதால் இறுக்கம். உருவும்போது உறையின் வாய்ப் பக்கத்தில் விரல் வைக்காதீர்கள், அலகு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உங்களுக்கா இதைச் சொல்கிறேன்!

பிடிக்கு அருகே இருக்கும் அந்தச் சிறு வெட்டுக்குத்தான் ஆளுக்கொரு கதை. காட்மாண்டு தமேல் தெருவில் ஒரு கடைக்காரர் சிவனின் திரிசூலம் என்றார், அடுத்த கடையில் பசுவின் குளம்பு, அதற்கடுத்ததில் ரத்தம் பிடிக்கு ஓடாமல் தடுப்பது. உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக்கூடாது என்ற கதையும் அங்கே கிடைக்கும். போஜ்பூரில் பி.கே.யின் அம்மா அதே மாதிரி ஒன்றை உருவி முள்ளங்கி வெட்டினார், கழுவி உறையில் போட்டார். பி.கே.யிடம் அந்த வெட்டு எதற்கு என்று கேட்டதற்கு, "தாத்தா போட்டார், அப்பா போட்டார்" என்றார். நீங்கள் பார்த்தால் ஒரு நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுவீர்கள்.

அவர் அப்பாவுக்கு இன்னும் வருஷக் கடைசியில் தானியம் தருகிற வீடுகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. கலப்பைக் கொழுவும் அரிவாளும் தீட்டிக் கொடுத்ததற்கு அறுவடையில் பங்கு. உங்கள் தாத்தா களத்துமேட்டில் நெல் வாங்கிய கதையை நீங்கள் சொல்ல, அவர் தன் தாத்தா கதையைச் சொல்ல, நடுவில் நான் இரண்டு பேருக்கும் இந்தியிலும் தமிழிலும் மாற்றிக்கொடுத்து ஓய்ந்துபோவேனே, அந்த வெள்ளிக்கிழமைகள். தோஹாவில் என் நாட்களில் நல்லவை அவைதான். நீங்கள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் அந்த நவமி ராத்திரி.

நம் அறையில் ஆயுத பூஜை, பக்கத்து அறையில் நேபாளிகளுக்குத் தசைன், அவர்கள் ஊர் தசரா. கட்டிலுக்கடியில் இருந்த சுத்தியல், ஸ்பானர், கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பேப்பர் மேல் அடுக்கிச் சந்தனம் வைத்தீர்கள். பி.கே. தன் உளியைக் கொண்டுவந்து உங்கள் சுத்தியலுக்குப் பக்கத்தில் வைத்தார். "நாங்கள் விஸ்வகர்மா, எங்களுக்கு இது பெரிய நாள்" என்று நீங்கள் பெருமையாகச் சொன்னீர்கள். அவர் கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பேருக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு எழுத்தைக் காட்டினார். பி.கே. என்றால் பிஸ்வகர்மா. நீங்கள் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். பொரியை அள்ளி அவர் வாயில் போட்டீர்கள். "சொந்தக்காரன்டா இவன்!" என்று என்னிடம் கத்தினீர்கள்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறை ஆட்கள் கறிக்குப் பங்குப் பணம் கேட்டு வந்தார்கள். பி.கே. தன் பணத்தைக் கொடுத்தார். நான் சமைக்கட்டுமா என்றார். வாசலில் நின்றவன் அவரிடம் ஏதோ சொன்னான், இருவரும் நேபாளியில் பேசிக்கொண்டார்கள், பிறகு அவனே நம்மைப் பார்த்து இந்தியிலும் சொன்னான். "என்னடா சொல்றான்?" என்று என்னைக் கேட்டீர்கள். அவர்கள் ஊரில் இவர் சாதி தொட்டதை இவர்கள் சாப்பிடமாட்டார்களாம் என்று சொன்னேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் கேட்டது நீங்கள், உள்ளதைத்தானே சொல்ல முடியும்.

நீங்கள் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் உங்கள் தட்டும் டம்ளரும் உங்கள் அலமாரிக்குள் போய்விட்டன. ஒருவார்த்தை இல்லை, சண்டை இல்லை. வயிற்றில் புண், டாக்டர் தனியாகச் சமைக்கச் சொல்லிவிட்டார் என்றீர்கள். எந்த டாக்டர், அண்ணே? பூணூல் போட்ட ஒரு விஸ்வகர்மாவுக்கு இன்னொரு விஸ்வகர்மா ஒரே ராத்திரியில் எப்படி அந்நியனாகிவிட்டார்?

ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று பின்னால் ஒருமுறை முணுமுணுத்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்போது உங்கள் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அறையில் நம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவனும் இருந்தான். இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன்.

போஜ்பூரில் கேட்டுத் தெரிந்துகொண்டது: 1854இல் ஜங் பகதூர் ராணா காலத்து முலுகி ஐன் சட்டம், காமி என்கிற கொல்லர்கள் (பி.கே.யின் சாதி) கையால் தண்ணீர் வாங்கக்கூடாது, அவர்களைத் தொட்டால் நீர் தெளித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியே வைத்தது. 1963இல் புதிய சட்டம் வந்து அது போனது. 2011இல் தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தனிச் சட்டமே வந்தது. ஆனாலும் அவர் அடித்த குக்ரி தசைனுக்குப் பூஜை அறைக்குள் போகிறது, அவர் வாசலோடு நிற்கிறார். கூர்க்காப் படைகளின் சின்னத்தில் குறுக்காக இரண்டு குக்ரி இருக்கிறதே, அதை அடித்தவன் கதையும் இதுதான். அந்த உறையைத் தைத்த சார்க்கிக்கும் இதே கதி. ஒருமுறை பி.கே.யிடம் தட்டு விஷயத்தைப் பற்றிக் கேட்டேவிட்டேன். "அவர் வீட்டு நிலைமை அவருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் துருத்தியைச் சுற்ற ஆரம்பித்தார். இப்போது கையால் சுற்றுகிற காற்றாடி வைத்திருக்கிறார்.

உங்கள் மேல் அங்கே வந்த கோபம் ஊருக்குத் திரும்பியும் இறங்கவில்லை. ஒரு நாள் உங்கள் தெரு வழியாகப் போனேன், உங்களிடம் சொல்லவில்லை. பட்டறைக் கூரையை எடுத்துவிட்டீர்கள், பட்டடைக் கல் மட்டும் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. 2021 செப்டம்பரில் அரிவாள் வாங்குகிறவர் பேர், விலாசம் எல்லாம் பதிவு செய்ய வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்று போலீஸ் உத்தரவு வந்த பிறகு நீங்கள் பட்ட பாடு தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை, கொலைகள் நடக்கும்போது அவர்களும் ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் கதிர் அறுக்கிறவனுக்கும் தேங்காய் வெட்டுகிறவனுக்கும் அரிவாள் செய்த மனிதரை, வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஒரு மாதிரி பார்த்தார்கள். நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "செய்யிற பொருளு வேணும், செய்யிறவன் வேண்டாம்னு பாக்குறாங்கடா." அன்றைக்கு எனக்குப் பி.கே. நினைவுக்கு வந்தார். உங்களுக்கு வந்தாரா?

சரி, முடிவு. குக்ரியைப் பார்சலில் அனுப்பமாட்டேன். கூரியர்காரர்களும் எடுக்கமாட்டார்கள். உங்கள் மகள் தன்னிடம் கொடுக்கச் சொன்னாள், அதுவும் மாட்டேன். நீங்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அரத்தையும் கொண்டு வாருங்கள், என்னுடையது தேய்ந்துவிட்டது. அலகு சாய்கிறதா, பூண் இடைவெளி பிறகு தொல்லை கொடுக்குமா, அந்த வெட்டு எதற்கு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவரிடமே சொல்லுங்கள். என்னிடம் சொல்லி நான் மாற்றிச் சொல்கிற கதையெல்லாம் வேண்டாம். உங்கள் இந்தி போதும், இரும்பைப் பற்றித்தானே பேசப்போகிறீர்கள்.

அவர் எண் பழைய எண் இல்லை, புதியதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் உலையில் இருப்பார். நம்மைவிட அவர்களுக்குக் கடிகாரம் கால் மணி முன்னால். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி