ஆஃபர் செய்தி அனுப்பும் முன் எண் பட்டியலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் ஜவுளிக் கடை, பாத்திரக் கடை, நகைக் கடை என்று எல்லா இடத்திலிருந்தும் தள்ளுபடிச் செய்திகள் வந்து குவிகின்றன. அனுப்பிய கடைக்காரரிடம் "இதனால் எவ்வளவு லாபம் கூடியது?" என்று கேட்டால், "நல்ல கூட்டம் சார்" என்பதே பெரும்பாலும் பதில். அந்தக் கூட்டம் செய்தியைப் பார்த்து வந்ததா, தீபாவளிக்காக எப்படியும் வந்திருக்குமா என்பதைப் பிரித்துச் சொல்ல அவரிடம் கணக்கு இருப்பதில்லை. பைசா செலவில்லாமல் அந்தக் கணக்கை வைக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

கோளாறு கல்லாவிலேயே தொடங்குகிறது. செல்பேசி எண் இல்லாவிட்டால் பல பில்லிங் மென்பொருள்கள் அடுத்த கட்டத்துக்குப் போக விடுவதில்லை. வாடிக்கையாளர் எண் தர மறுக்கிறார், பின்னால் வரிசை நீள்கிறது. காசாளர் 9999999999 என்றோ, 9876543210 என்றோ, தன் சொந்த எண்ணையோ அடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் கடையில் இது நடக்கிறதா என்று தெரிய, ஓராண்டு பில் பட்டியலை எக்செல்லில் இறக்கி, ஒவ்வொரு எண்ணிலும் எத்தனை பில் என்று எண்ணி, அதிகமானது மேலே வரும்படி அடுக்குங்கள். முதல் இருபது வரிகள் போதும். ஆண்டுக்கு நாலு முறை துணி எடுப்பவரே நல்ல வாடிக்கையாளர் என்கிற தொழிலில் ஒரே எண்ணில் இருநூறு பில் இருந்தால், அது யாருடைய எண் என்று சொல்ல வேண்டியதில்லை. எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியதையும் நினைவூட்டுகிறேன்.

அடுத்து எண்களைச் சீராக்க வேண்டும். முன்னால் உள்ள +91, 0, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கினால் பத்து இலக்கம் மிஞ்ச வேண்டும். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பை இறக்கும்போதே எண்கள் உள்ள நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 91 சேர்ந்த எண்ணை எக்செல் 9.19E+11 என்பதுபோலச் சுருக்கிக் காட்டும்; அந்த நிலையில் சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் மூல எண் போனது போனதுதான். பெயரை வைத்து ஆட்களைச் சேர்க்காதீர்கள். முத்துக்குமார், எம்.முத்துகுமார், முத்து குமார் மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். எண்தான் அடையாளம். இரண்டு ஆண்டுகளாக ஒரு பில்லும் இல்லாத எண்களைத் தனியே வையுங்கள்: துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதால், அந்தச் செய்தி முன்பின் தெரியாதவருக்குப் போகலாம். துணி மாற்றிக் கொடுத்த பில்லைப் புது விற்பனையாக எண்ணவும் கூடாது.

தேதியில் இன்னொரு பொறி. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் 03/11/2024 என்பதை நவம்பர் 3 என்று படிக்காது, மார்ச் 11 என்று எடுத்துக்கொள்ளும். 13 முதல் 31 வரையுள்ள தேதிகள் மட்டும் மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும். மார்ச் மாதத்தில் காரணமில்லாமல் பட்டு விற்பனை ஏறியிருந்தால் முதலில் இதைப் பாருங்கள். மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதும் தவறு. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்தால் விற்பனை ஏறியதா இறங்கியதா என்று புரியாது. இந்தத் தீபாவளிக்கு முந்தைய 21 நாட்களை, போன தீபாவளிக்கு முந்தைய 21 நாட்களோடு வையுங்கள்.

இனி இலக்கு. "விற்பனையைக் கூட்ட வேண்டும்" என்பது ஆசை. "போன தீபாவளிக்கு வாங்கி, அதற்குப் பிறகு வராதவர்களை வரவழைத்து, செலவும் தள்ளுபடியும் போக இத்தனை ரூபாய் லாபம் கூட வேண்டும்" என்று எழுதி வைத்தால்தான் முடிவில் சரிபார்க்க முடியும். அப்படிச் சரிபார்க்க, பட்டியலில் ஒரு பகுதிக்குச் செய்தி அனுப்பாமல் விட வேண்டும். கடைசி இலக்கம் 3 அல்லது 7 என்று முடியும் எண்களை விட்டாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒதுங்கிவிடும்.

ஓர் உதாரணக் கணக்கு. சுத்தம் செய்த பட்டியலில் 6,000 எண்கள். 4,800 பேருக்கு 10 சதவீதத் தள்ளுபடிச் செய்தி போகிறது. 384 பேர் வாங்குகிறார்கள், அதாவது 8 சதவீதம். செய்தி போகாத 1,200 பேரில் 72 பேர் தாமாகவே வந்து வாங்குகிறார்கள், 6 சதவீதம். ஆக, செய்தியே அனுப்பாவிட்டாலும் அந்த 4,800 பேரில் 288 பேர் வந்திருப்பார்கள். உண்மையில் கூடியது 96 பேர். சராசரி பில் 2,500 ரூபாய், லாபம் 20 சதவீதம் என்றால் ஒரு பில்லுக்கு 500 ரூபாய். தள்ளுபடி போக நிற்பது 250. அனுப்பாமல் இருந்திருந்தால் 288 பில்லுக்கு 1,44,000 ரூபாய் லாபம். அனுப்பியதால் 384 பில்லுக்கு 96,000. செய்திக்கு ஒரு ரூபாய் வீதம் 4,800 கழித்தால் 91,200. கூட்டமும் கூடி, 52,800 ரூபாய் கைவிட்டும் போயிருக்கிறது. லாபத்தைப் பாதியாக்கும் தள்ளுபடி என்றால் பில்கள் இரட்டிப்பாக வேண்டும் என்பதை முன்பே கணக்கிட்டிருந்தால், தள்ளுபடியை எல்லோருக்கும் கொடுக்காமல் நீண்ட நாள் வராதவர்களுக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். ஒன்று கவனிக்க: ஒதுக்கிய கூட்டம் நூறு இருநூறு பேராகச் சிறுத்தால் இந்தச் சதவீதங்களை நம்ப முடியாது.

எஸ்எம்எஸ் செலவிலும் ஒரு வார்த்தை. ஆங்கிலச் செய்திக்கு 160 குறிகள் வரை ஒரு கட்டணம், தமிழுக்கு 70தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி. 'தீபாவளி' நம் கண்ணுக்கு நாலெழுத்து, கணக்கில் ஏழு. 71 ஆனால் இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். ஆங்கிலச் செய்தியில் ₹ குறி ஒன்று நுழைந்தாலும் வரம்பு 70க்கு இறங்கிவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால் கடைசி நேரத்தில் சுருக்கவும் முடியாது. பதிவுக்கு முன்பே எண்ணிப் பாருங்கள்.

பில்லிங் மென்பொருள் செய்பவர்களுக்குத் தங்கள் நாளிதழ் மூலமாக ஒரு வேண்டுகோள். எண் கேட்கும் இடத்தில் 'தர விருப்பமில்லை' என்று ஒரு பொத்தான் வையுங்கள். ஒரே எண்ணில் ஒரே நாளில் மூன்றாவது பில் விழுந்தால் காசாளரை எச்சரியுங்கள். துணி மாற்றும் பில்லுக்குத் தனி வரிசை எண் கொடுங்கள். வணிகர் சங்கங்களும் ஆடித் தள்ளுபடி தொடங்கும் முன்பே இதை அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைகளுக்கு பில்லிங் கணக்கு அமைத்துத் தரும் வாசகர்,
ஈரோடு.