உந்த மைனிங் மிஷினுக்கு இன்னும் அட்வான்ஸ் கட்டாத மச்சான்

டேய் மச்சான்,

உன்ர வொய்ஸ் மெசேஜ் வந்து நாலு நாளாச்சு, பதில் போடேல்லை எண்டு கோவிக்காத. இஞ்ச வெட்டு நேரம். முரசுமோட்டைப் பக்கம் ஒரு வெட்டு மிஷின் வயலுக்குள்ளயே நிண்டுட்டுது, அதின்ர வயரிங்கை எலி கடிச்சுப்போட்டுது, ரெண்டு நாள் இரவு 11 மட்டும் டோர்ச்சோட வரம்பில தான் குந்தியிருந்தனான். காலபோகம் இந்தமுறை பரவாயில்லை, இரணைமடுக் குளம் வான் பாஞ்சது, ஆனா நெல்லு விலையைக் கேட்டா எல்லாருக்கும் மூஞ்சை தொங்குது. அம்மாவுக்கு முழங்கால் நோ அப்பிடியே தான் கிடக்கு, நீ அனுப்பின எண்ணெய் முடிஞ்சுது, ஆளுக்கு உன்ர எண்ணெயில தான் நம்பிக்கை.

சரி விசயத்துக்கு வாறன். உன்ர மருமகன் காட்டின உந்த பிட்கொயின் மைனிங் மிஷின்ர, அதுதான் ராப்பகலா கணக்குப் போட்டு பிட்கொயின் எண்ட இணையக் காசை உழைக்கிற மிஷின்ர, பேப்பரை போனில பெருப்பிச்சுப் பெருப்பிச்சு வாசிச்சன். புதுக் கொம்பனி, முதல் மொடல், வேகம் செக்கனுக்கு 300 டெராஹாஷ் (ஹாஷ் எண்டது மிஷின் போடுற ஒரு கணக்கு, டெரா எண்டா லட்சம் கோடி), 2700 வோட்ஸ், விலை 6000 டொலர், பாதிக்காசு இப்ப கட்டோணும், மிஷின் ஆறு மாசத்தில வரும். நீ ரெண்டு எடுத்து ஒண்டை கனடாவில, ஸ்காபரோவில உன்ர பேஸ்மென்டிலயும் மற்றதை கிளிநொச்சியில என்ர கடையிலயும் பூட்டுவமோ எண்டு கேக்கிறாய், "உனக்கு சோலார் இருக்குத்தானே, கரண்ட் சும்மா தானே" எண்டும் சொல்லுறாய். உந்தச் சும்மாவுக்குப் பிறகு வாறன்.

முதல் அந்த இலக்கத்தைப் பார். 2700ஐ 300ஆல பிரிச்சா ஒரு டெராஹாஷுக்கு 9 ஜூல். இதுதான் மைனிங் மிஷின்ர உயிர், மோட்டச்சைக்கிளுக்கு ஒரு லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு கேக்கிற மாதிரி, ஆனா இது குறையக் குறையத்தான் நல்லது, மற்ற விசேசமெல்லாம் இதுக்குப் பிறகு. 2016ல வந்த அன்ட்மைனர் எஸ்9 எண்ட மைனிங் மிஷின் கிட்டத்தட்ட 100 ஜூல். 2020ல எஸ்19 ப்ரோ 29.5க்கு இறங்கினது. பேந்து எஸ்21 17.5, அதின்ர எக்ஸ்.பி மொடல் 13.5. இவ்வளவும் வருசக்கணக்கா சிப் அடிச்சு, பிழைவிட்டு, திரும்ப அடிச்சு வந்த கொம்பனி செய்தது. உன்ர கொம்பனி முதல் பிள்ளையே ஓட்டப்பந்தயத்தில முதலாம் இடம் எண்டுது. நடக்கவே நடக்காது எண்டு நான் சொல்லேல்லை. ஆனா அவங்களின்ர பேப்பர்ல இருக்கிறது போட்டோ இல்லையடா, கொம்ப்யூட்டர்ல கீறின படம், நல்லா உத்துப்பார், ஃபானுக்குப் போற வயரே இல்லை. சிப்பை எந்தத் தொழிற்சாலை அடிக்குது, எத்தினை நானோமீற்றர், சாம்பிள் கையில வந்திட்டுதோ, ஒரு இடத்திலயும் இல்லை. சிப் டிசைன் முடிச்சு ஃபக்டரிக்குக் குடுத்தா கைக்கு வரவே மாசக்கணக்கு, வந்தது சரியா ஓடாட்டி திரும்ப முதல்ல இருந்து. அப்ப "ஆறு மாசம்" எண்டது எந்த நாளில இருந்து எண்ணுற ஆறு மாசம்?

அடுத்தது அந்த 2700 வோட்ஸ் எங்க வைச்சு அளந்தது எண்டது. சிப்பில மட்டும் அளந்தா ஒரு கணக்கு, பவர்சப்ளை தின்னுறது, ஃபான் தின்னுறது எல்லாம் சேத்து சுவர் பிளக்கில அளந்தா வேற கணக்கு. கரண்ட் பில் வாறது பிளக்குக்குத்தான். பேப்பர்ல கீழ சின்ன எழுத்தில 25 பாகை வெப்பத்தில எண்டும் போட்டிருக்கிறாங்கள். மச்சான், சித்திரையில என்ர கடைக்குள்ள 25 பாகை வேணுமெண்டா விடியப்பறம் நாலு மணிக்கு வந்து பாக்கோணும்.

உனக்கு ஞாபகமிருக்கோ தெரியேல்லை, 94ம் ஆண்டோ 95ம் ஆண்டோ, உங்கட அப்பா மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓடின காலம், சூப்பியால ரெண்டு சொட்டு பெற்றோல் அடிச்சு ஸ்டார்ட் பண்ணுறது, பின்னால வெள்ளைப் புகை. அப்ப ஒருத்தர் வந்தவர், எண்ணெய் ரியூப்பில காந்தம் கட்டினா ஒரு போத்தில் ஒண்டரைப் போத்தில் மாதிரி ஓடும் எண்டு. ஊரில பாதிப்பேர் வாங்கினது. உங்கட அப்பா வாங்கேல்லை, அந்த மனுசனை திண்ணையில இருத்தி பிளேன்ரீ குடுத்திட்டு, அளந்து அரைப்போத்தில் விட்டு பரந்தன் சந்திக்கும் கரடிப்போக்குக்கும் இடையில ஓடி எங்க நிக்குது எண்டு கல்லு வைச்சார், பேந்து காந்தத்தைக் கட்டி அதே அரைப்போத்தில், அதே ரோட்டு. நாங்கள் ரெண்டுபேரும் பின்னால சைக்கிள்ல போனனாங்கள், கல்லு வைக்கிற வேலை எங்களுக்கு. ரெண்டாந்தரம் முதல் கல்லுக்கும் முன்னமே நிண்டுட்டுது. மனுசன் ஒண்டும் பறையேல்லை, காந்தத்தைக் கழட்டிக் குடுத்தார். அவற்ர மகன் நீ, ஒரு படத்தைப் பாத்து மிஷினுக்கு 3000 டொலர் கட்டப்போறன் எண்டுறாய்.

நானும் சும்மா கதைக்கேல்லை. ஒரு பெடியன் கொழும்பில இருந்து பழைய எஸ்9 ஒண்டு கொண்டந்து ஓடுதில்லை எண்டு என்னட்டைப் போட்டவன். உள்ளுக்க இருக்கிற மூண்டு சர்க்கிட் போர்ட்டில ஒண்டு செத்துப்போச்சு. அந்த போர்ட்டில சிப் எல்லாம் மாலை மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு கோத்திருக்கும், ஒரு சிப் செத்தாலே முழுப் போர்ட்டும் படுத்திடும், எது செத்தது எண்டு மீற்றரோட ஒவ்வொண்டாத் தேடோணும். ஒருமாதிரித் தேடிப்பிடிச்சு மாத்தி மூண்டு நாள் கடையில ஓடவிட்டன். கிளாம்ப் மீற்றர்ல 1350 வோட்ஸ் மட்டில காட்டினது, ஒரு நாளுக்கு 32 யூனிற். ஆனா கரண்டை விட சத்தம் தான்டா பெரிய வில்லங்கம். பக்கத்து தையல் கடை அக்கா வந்து "தம்பி, ரைஸ் மில் போட்டிட்டியளோ" எண்டு கேட்டவா. உன்ர பேஸ்மென்டில பூட்டினா மனுசி உன்னையும் மிஷினையும் சேத்து ஸ்னோவுக்குள்ள வைப்பாள்.

அதில படிச்ச இன்னொண்டு, மிஷின்ர ஸ்கிரீனில காட்டுற ஹாஷ்ரேட்டை, அதாவது கணக்குப் போடுற வேகத்தை, நம்பக்கூடாது. அது மிஷின் தன்னைப்பற்றித் தானே சொல்லுறது. பூல் எண்டது கன பேரின்ர மிஷினைச் சேத்து ஓடவிட்டு உழைப்பைப் பங்கிடுற இடம், அவங்களின்ர பக்கத்தில, 24 மணித்தியால சராசரி என்ன, எத்தினை ஷெயர் (மிஷின் செய்து குடுத்த வேலை) ரிஜெக்ட் ஆகுது எண்டது தான் சாட்சி, ஏனெண்டா காசு தாறது பூல். கொம்பனிக்காரன் வீடியோவில ஸ்கிரீனைக் காட்டினா, பூல் அக்கவுன்டைக் காட்டு எண்டு கேள், பத்து நிமிசம் இல்லை, ஒரு கிழமையாவது.

இனி வருமானக் கணக்கு. நீ மருமகன்ர கணக்கை அனுப்பினனி, அதில இண்டைக்கு வாற காசை 365ஆல பெருக்கி வைச்சிருக்கிறான். அங்க தான் பிழை. இதை உனக்கு சிறுபோகத்தால தான் விளங்கப்படுத்தலாம். இரணைமடுவில இருக்கிற தண்ணி இவ்வளவு தான், கூட்டம் வைச்சு இந்தமுறை ஆளுக்கு எவ்வளவு காணி விதைக்கலாம் எண்டு பிரிக்கிறவை. ஆள் கூடினா தண்ணி கூடாது, பங்கு தான் குறையும். பிட்கொயினும் அப்பிடித்தான், கிட்டத்தட்ட 10 நிமிசத்துக்கு ஒரு ப்ளொக், அதாவது பிட்கொயின் கணக்குப்புத்தகத்தில ஒரு பக்கம், ஒரு நாளைக்கு 144, ப்ளொக்கைக் கண்டுபிடிக்கிறவனுக்கு 3.125 கொயின், அப்ப உலகம் முழுக்க நாளொண்டுக்கு 450 புதுக் கொயின் அவ்வளவு தான். எத்தினை கோடி மிஷின் வந்தாலும் அதே 450. ஒவ்வொரு 2016 ப்ளொக்குக்கும், அதாவது ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, டிஃபிகல்ட்டி, அதாவது ப்ளொக் கண்டுபிடிக்கிற கஸ்டம், மாறும், அதுதான் இவங்களின்ர கூட்டம். உன்னட்டை நல்ல மிஷின் வருதெண்டா அதே மிஷின் மற்ற ஆயிரம் பேரிட்டையும் வருகுது.

கணக்கைப் போட்டுப் பாப்பம். உலக ஹாஷ்ரேட் 1000 எக்ஸாஹாஷ் எண்டு வை (ஒரு எக்ஸா எண்டா பத்து லட்சம் டெரா), கொயின் ஒரு லட்சம் டொலர் எண்டு வை, டொலர் 300 ரூபா, கரண்ட் யூனிற் 50 ரூபா. எல்லாம் கணக்குக்கு எடுத்த முழு இலக்கம், நீ உன்ர பில்லில இருக்கிற விலையை மாத்திப் போடு. 300 டெராவுக்கு ஒரு நாளைக்கு 0.000135 கொயின், பதின்மூண்டரை டொலர், 4050 ரூபா. கரண்ட் 64.8 யூனிற், 3240 ரூபா. மிச்சம் 810. ஆறாயிரம் டொலர் எண்டா 18 லட்சம், 810ஆல பிரி, ஆறு வருசத்துக்கு மேல. இது பேப்பர்ல உள்ளது எல்லாம் உண்மை எண்டு நம்பினா. சுவர் பிளக்கில 10 வீதம் கூட இழுத்தா மிச்சம் 486. அதோட டிஃபிகல்ட்டி 15 வீதம் ஏறினா வரவு 3522, செலவு 3564, நீ ஒவ்வொரு நாளும் 42 ரூபா கைக்காசு போட்டு உலகத்துக்கு சூடு காத்து ஊதிக்கொண்டிருப்பாய். 2028ல திரும்ப ஹாவிங், 3.125 அரைவாசியாப் போகும், அந்த ஆறு வருசத்துக்குள்ள அது வருமோ வராதோ எண்டு நீயே பார். கொயின் விலை ஏறினா? ஏறட்டும், அப்ப அந்த 18 லட்சத்துக்கு கொயினையே வாங்கி வைச்சிருந்தா என்ன, அதுக்கு ஃபானும் வேண்டாம் பில்லும் வேண்டாம். மருமகன்ர கணக்கில இந்தக் கேள்வி இல்லவே இல்லை.

பிந்தி வாறதும் இதுக்குள்ள தான் அடிக்குது. வேற சாமான் ஆறு மாசம் பிந்தினா ஆறு மாசம் பிந்தினது தான், இது பிந்திற ஒவ்வொரு கிழமையும் மெலியுது, தண்ணி திறந்து ரெண்டு மாசத்தால விதைக்கிற மாதிரி. 2012ல அமெரிக்காவில பட்டர்ஃப்ளை லாப்ஸ் எண்ட மைனிங் மிஷின் கொம்பனி முன்காசு வாங்கிப்போட்டு சனத்தை மாசக்கணக்கா இழுத்தது, 2014 செப்டெம்பரில வாங்கிற சனத்தைப் பாதுகாக்கிற அங்கத்தைய அரச அமைப்பு எஃப்.டி.சி கோர்ட்டுக்குப் போய் மூடுவிச்சது. வாங்கின ஆக்களின்ர மிஷினை அனுப்ப முதல் தங்களுக்கு மைன் பண்ணினவை எண்டதும் ஒரு குற்றச்சாட்டு, 2016ல வழக்கு செட்டில் ஆனது. கொயின்டெரா, ஹாஷ்ஃபாஸ்ட் எண்டு உதே மாதிரி மிஷின் கொம்பனியள், ரெண்டும் வங்குரோத்து. சுவீடனில கே.என்.சி மைனர், அவங்கள் உண்மையாவே மிஷின் குடுத்தவங்கள், அவங்களும் 2016 மே மாசம் விழுந்தவங்கள். அப்ப கள்ளன் எண்டில்லை, நல்லவனும் விழுவான், உன்ர அட்வான்ஸ் ரெண்டு பேரிட்டையும் ஒரே மாதிரித்தான் மாட்டும். இன்னொரு பக்கமும் சொல்லோணும், 2013 தொடக்கத்தில அவலோன் முதல் மிஷினுகளை அனுப்பினபோது அதுவும் சின்னக் கொம்பனி தான், முதல் வாங்கினவை நல்லா உழைச்சவை. புதுக் கொம்பனி எண்டதுக்காக நான் வேண்டாம் எண்டேல்லை. குளத்துக்குள்ள கிடக்கிற எருமைக்கு கரையில நிண்டு விலை பேசாத எண்டுறன்.

எனக்கும் உந்தப் பாடம் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னம் புதுசா வந்த ஒரு இன்வேர்ட்டர்காரனுக்கு பாதிக்காசு கட்டிப்போட்டு எட்டு மாசம் போன் அடிச்சன். கடைசியா வந்தது பேப்பர்ல போட்டிருந்ததின்ர முக்கால்வாசி லோட் தான் தாங்கினது. உனக்குச் சொல்லேல்லை, வெக்கம்.

சோலார் கதை. என்ர கடைக் கூரையில 5 கிலோவாட். நல்ல வெயிலுக்கு நாளுக்கு 20 யூனிற் மட்டில வரும், மாரியில அதுவும் இல்லை. உன்ர மிஷின் தின்னுறது 65, அதுவும் இரவு பகலா. அதுக்கு மட்டும் 16 கிலோவாட் பனல் வேணும், இரவுக்கு லைன் கரண்ட் வேணும். கூரையில வாற யூனிற்றுக்கும் விலை இருக்கு மச்சான், நான் லைனுக்கு விட்டா பில்லில கழியும், சும்மா கிடக்கிற கரண்ட் எண்டு ஒண்டு இல்லை. 2700 வோட்ஸ் எண்டா 12 அம்ப்ஸ் கிட்ட, நிப்பாட்டாம 24 மணித்தியாலம், எங்கட ஆக்கள் பூட்டின 15 அம்ப்ஸ் சொக்கெற்றில எத்தினை கறுத்து உருகி என்னட்டை வந்திருக்கு எண்டு எனக்குத் தெரியும். லைன் கடைசியில வோல்ட்டேஜ் விழுற இடம் வேற. 2025 பெப்ரவரியில பாணந்துறை சப்ஸ்டேஷனுக்குள்ள குரங்கு பூந்து நாடு முழுக்க இருட்டாப் போனதே, எங்கட பக்கம் குரங்கு மட்டுமோ, மயில், பாம்பு, யானை எல்லாம் இருக்கு.

இஞ்ச மத்திய வங்கியும் உந்தக் கொயின் சோலிக்குப் போகவேண்டாம் எண்டு பல தரம் அறிவிச்சிட்டுது, எங்கட கார்ட்டால அதுக்குக் காசு கட்டவும் விடமாட்டினம். பிரச்சனை வந்தா ஓடிப்போய் முறையிட இடமில்லை. ஆகவே கிளிநொச்சி மிஷினை மறந்திடு.

கனடா மிஷின் உன்ர விருப்பம், ஆனா காசு கட்ட முதல் அவங்களிட்டை மூண்டு விசயம் எழுத்தில கேள். ஒண்டு, கொம்பனிக்கு வெளியில ஆரிட்டையாவது மிஷின் கையில இருக்கோ, அவர் பிளக்கில மீற்றர் வைச்சு அளந்ததும் பூல் கணக்கும் ஒரே நாளுக்கு வேணும். ரெண்டாவது, சொன்ன நாளில வராட்டி காசு திருப்பித் தாறது எந்தக் காசில, டொலரிலயோ கொயினிலயோ, எத்தினை நாளில. மூண்டாவது, ஃபர்ம்வேர், அதுதான் மிஷினுக்குள்ள ஓடுற மென்பொருள், அதை எந்தப் பூலுக்கும் திருப்பலாமோ, இல்லை அவங்களின்ர பூலுக்குத்தான் ஓடுமோ, ஒவ்வொரு நாளும் தங்களுக்கு ஒரு வீதம் உருவுறாங்களோ. இதுக்கு ஒழுங்கான பதில் வந்தா எனக்கு அனுப்பு, இருந்து வாசிப்பம். "ஓஃபர் வெள்ளிக்கிழமை முடியுது" எண்டு பதில் வந்தா அதுவும் எனக்கு அனுப்பு, சிரிக்கலாம். மருமகனை ஏசாத, பெடியன் உசாராத் தேடுறான், அவனுக்கு ஒரு பிளக் மீற்றர் வாங்கிக்குடு.

ஆடியில வருவாய் எண்டு அக்கா சொன்னவா, உண்மையோ? வந்தா அந்தக் கரடிப்போக்கு ரோட்டால ஒருக்கா நடப்பம், கல்லு வைச்ச இடம் எனக்கு மட்டுமட்டாத் தெரியும், இப்ப அதில ஒரு கொத்துரொட்டிக் கடை. வரேக்க அம்மாவுக்கு எண்ணெய் ரெண்டு போத்தில் கொண்டா, மறந்திட்டாய் எண்டா வீட்டுக்குள்ள விடமாட்டா.

உன்ர
மீற்றர்காரன்