எத்தனையாவது முறை? தேர்வாணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றித் தேர்வாணையத்துக்கு எழுதி என்ன பயன் என்று நண்பர்கள் கேட்டார்கள். வேலையை உருவாக்க வேண்டியது அரசும் தொழில்துறையும்; தேர்வாணையம் கேட்ட எண்ணிக்கைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் அமைப்பு, அவ்வளவுதான் என்றார்கள். வாதம் சரிதான். ஆனால் இந்த மாநிலத்தில் வேலையில்லாமல் இருக்கும் பட்டதாரி எந்த ஊர், என்ன படித்தார், என்ன வயது, எத்தனை ஆண்டாகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் வேறு எந்த அலுவலகத்தையும்விட உங்களிடம்தான் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நானும் உங்கள் தேர்வு வழியாக வந்தவள்தான். வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வுபெற்றேன். இப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கான குரூப் 4 தேர்வு எழுதுபவர்களுக்கு ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு வைக்கிறேன். அந்தத் தேர்வுக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. எங்கள் நூலகத்தில் வந்து உட்காருபவர்களில் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர் ஒருவர்கூடக் கிடையாது. பி.இ., எம்.எஸ்சி., பி.எட்., இரண்டு எம்.ஏ. என்று வந்திருக்கிறார்கள். தட்டச்சில் தமிழும் ஆங்கிலமும் முதுநிலை முடித்துச் சான்றிதழைக் கண்ணாடிக் காகித உறையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

இவர்கள் சோம்பேறிகள், தனியார் வேலைக்குப் போக மனமில்லாதவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இந்தியாவிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இயங்கும் மாநிலம் தமிழ்நாடு. எங்கள் விருதுநகர் மாவட்டத்திலேயே பட்டாசும் அச்சகமும் நூற்பாலையும் இருக்கின்றன. வேலை இருக்கிறது. என்ன வேலை என்பதுதான் கேள்வி. பொறியியல் முடித்தவரை 'டிரெய்னி' என்று எடுப்பார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் நிரந்தரம் செய்யாமல் அடுத்த டிரெய்னியை எடுப்பார்கள். சம்பளம் ஒப்பந்ததாரர் கையிலிருந்து வரும். தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கழித்தால் ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது பெரிதாக ஒன்றும் இருக்காது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. பிறகு ஐந்நூறுக்கும் மேல் கல்லூரிகள் வந்தன. கல்விக் கடன் வாங்கிப் படித்த பையனுக்கு அந்தச் சம்பளத்தில் வட்டிகூட அடையாது.

பெற்றோர்கள் பார்த்ததும் ஒன்று உண்டு. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏறினார்கள். 2014 நவம்பர் முதல் தேதியோடு அங்கே உற்பத்தி நின்றுபோனது. இருபத்தைந்து, இருபத்தாறு வயதில், வேறு எங்கும் பயன்படாத அனுபவத்தோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். மறைமலைநகர் போர்டு ஆலையும் 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. இதையெல்லாம் பார்த்த தாய், 19,500 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் இளநிலை உதவியாளர் பணிக்காக மகன் நான்கு ஆண்டு காத்திருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தால், அதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மாதம் தவறாமல் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் நான் சொல்லவே கூடாது.

ஆக, இவர்கள் உங்கள் வாசலுக்கு வருவதற்கான காரணம் உங்களிடம் இல்லை. வந்த பிறகு எத்தனை ஆண்டு அங்கேயே நிற்கிறார்கள் என்பதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

குரூப் 4 தேர்வு நடந்த தேதிகளைப் பாருங்கள். 2018 பிப்ரவரி 11. 2019 செப்டம்பர் 1. அதற்கு அடுத்தது 2022 ஜூலை 24. நடுவில் கொரோனா வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2020 மே மாதம் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. 2021இல் 60 ஆனது. ஓய்வு பெற வேண்டியவர்கள் நாற்காலியிலேயே இருந்தோம். நானும் அந்த ஆணையால் கூடுதலாக இரண்டு ஆண்டு சம்பளம் வாங்கியவள். அரசுக்கு ஓய்வூதியப் பலன்களை உடனே கொடுக்க வேண்டிய நெருக்கடி தள்ளிப்போனது, எங்களுக்குச் சம்பளம் வந்தது. அதன் விலையைக் கொடுத்தவர் அப்போது இருபத்திரண்டு வயதில் இருந்த யாரோ ஒருவர். எந்த அரசாணையிலும் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

2022 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். முடிவு 2023 மார்ச் 24 அன்று வந்தது, சரியாக எட்டு மாதம் கழித்து. விடைத்தாளின் இரண்டு பகுதிகளையும் ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது என்று விளக்கம் தந்தீர்கள். அடுத்து, 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு அக்டோபர் 28 அன்றே முடிவு கொடுத்தீர்கள். அந்த மாற்றத்தை மனதாரப் பாராட்டுகிறேன். எட்டு மாதம் தேவையில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. அதற்கு மேல்நிலைப் பணிகளுக்கான குரூப் 2 தேர்வின் கதை இன்னும் நீளம். 2022 பிப்ரவரியில் அறிவிக்கை, 2023 பிப்ரவரி 25இல் பதிவெண் குளறுபடியோடு முதன்மைத் தேர்வு, முடிவு 2024 ஜனவரியில். இந்த இரண்டு ஆண்டில் ஓசூரில் ஒரு நல்ல வேலை கிடைத்தாலும், மெயின்ஸ் முடிவு வரட்டும் என்றுதான் பையன் சொல்வான். வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், காலியிட எண்ணிக்கை. 2019இல் 6,491 என்று அறிவித்து 9,398 ஆக்கினீர்கள். 2022இல் 7,301 என்பது 10,117 ஆனது. 2024இல் 6,244இல் தொடங்கி, படிப்படியாக ஏறி 9,491ஐத் தொட்டது. கூடினால் மகிழ்ச்சிதானே என்பீர்கள். வேலை கிடைத்தவருக்கு மகிழ்ச்சி. மயிரிழையில் வெளியே நின்ற பல்லாயிரம் பேருக்கோ, இன்னும் கூடும், இன்னும் கூடும் என்று ஒவ்வொரு வாரமும் செல்போனைப் பார்த்தபடி இன்னொரு அரையாண்டு போகிறது. இதற்கும் நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. பதவி உயர்வுக்குத் தகுதியானவர்களின் பட்டியல் (பேனல்) தயாராகாமல் கீழ்நிலைப் பணியிடம் காலியாகாது. துறைத் தலைமையிலிருந்து காலியிட மதிப்பீடு வந்து சேராமல் உங்களால் எண்ணிக்கை போட முடியாது. அந்தக் கோப்புகள் எப்படி நகரும் என்பதை முப்பது ஆண்டுக்கு மேல் பார்த்தவள் நான். ஆனால் முழுமையான மதிப்பீடு வராத துறை எது என்று அறிவிக்கையிலேயே அச்சிட்டுவிட்டால், அந்தத் துறைக்குக் கொஞ்சம் கூச்சமாவது வரும்.

காத்திருப்பின் விளைவு என்றால் வயது போகிறது, கடன் ஏறுகிறது, உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்களுக்கு நடப்பது தனிக் கதை. எங்கள் நூலகத்துக்கு வரும் பெண்களுக்கு வீட்டில் ஒரு கெடு உண்டு. "ரெண்டு வருஷம் பார், இல்லாவிட்டால் வர்ற வரனை முடித்துவிடுவோம்" என்பதுதான் வழக்கமான ஒப்பந்தம். அரசு வேலைகளில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 30 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் 2019 செப்டம்பருக்கும் 2022 ஜூலைக்கும் நடுவில் அந்த இரண்டு வருடக் கெடு முழுவதையும் கழித்த பெண்ணுக்கு ஒரு குரூப் 4 வினாத்தாள்கூடக் கையில் கிடைக்கவில்லை. அவள் எழுதித் தோற்கவில்லை. எழுதவே இல்லை. திருமணமாகி வேறு ஊருக்குப் போய், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு 2022இல் தேர்வு மையத்துக்கு வந்தவர்களும் உண்டு. வர முடியாமலே போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பதிவும் உங்களிடம் இருக்கிறது, புதுப்பிக்கப்படாமல்.

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இவர்கள் அகப்படமாட்டார்கள். அதன் வார நிலைக் கணக்குப்படி, ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே ஒருவர் வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். மாமாவின் உரக்கடையில் சாயங்காலம் பில் போடும் எம்.எஸ்சி. பட்டதாரி அந்தக் கணக்கில் பிழைத்துக்கொண்டார். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டிலோ பள்ளி முடித்த கையோடு பதிந்துவைத்த மாணவரும் இருக்கிறார், ஏற்கெனவே எங்கோ வேலை பார்ப்பவரும் இருக்கிறார். (பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. பொறியியல் படித்தவருக்கு அதுவும் கிடையாது.)

உங்கள் நிரந்தரப் பதிவில் அப்படிக் குழப்பம் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை 150 ரூபாய் கட்டி, பிறந்த தேதி முதல் படிப்பு வரை எல்லாவற்றையும் அவர்களே பதிந்து தருகிறார்கள். அந்தத் தரவை வைத்து என்ன செய்ய முடியும் என்பதை நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2019 குரூப் 4 தரவரிசையின் முதல் நூறு இடங்களில் பலர் ராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் என்று தெரிந்ததிலிருந்து முறைகேடு விசாரணை நீண்டு, 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தீர்கள்.

அதே தரவிலிருந்து நான் கேட்பது மிகச் சிறியது. ஒவ்வொரு தேர்வு முடிவோடும் ஓர் அட்டவணை. எழுதியவர்களில் முதல் முறை எழுதியவர் எத்தனை, மூன்றாவது முறை எத்தனை, ஐந்தாவது முறை எத்தனை? தேர்வானவர்கள் எத்தனையாவது முயற்சியில் தேர்வானார்கள்? ஆண், பெண், வயது, படிப்பு, வட்டம் வாரியாக. ஒருமுறை எழுதிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காமலே போன பெண்கள் எத்தனை பேர் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.

இதனால் ஒரு பணியிடம்கூட அதிகரிக்காது, தெரியும். ஆனால் இன்று ஒரு குடும்பம், மகன் இன்னொரு முறை எழுதலாமா அல்லது ஓசூருக்குப் போகலாமா என்று முடிவெடுக்க, பயிற்சி மையங்களின் பிளெக்ஸ் பலகையில் சிரிக்கும் முகங்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஐந்தாவது முறை எழுதுபவரின் வாய்ப்பு முதல் முறை எழுதுபவரைவிடக் கூடுதலா, குறைவா? எனக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு ஊகத்தைத்தான் சொல்லி அனுப்புகிறேன். தொழில்துறைக்கும் இந்த அட்டவணை வேண்டும். ஒரு வட்டத்தில் வேதியியல் படித்த பெண்கள் இத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று தெரியாமல் யார் வந்து ஆலை வைப்பார்கள்?

புதிதாக எதையும் திரட்ட வேண்டாம். 2018, 2019, 2022, 2024, 2025 ஆகிய ஐந்து குரூப் 4 தேர்வுகளுக்கான எண்ணிக்கையை முதலில் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், பதிவெண் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்விகளைத் தனி மனுவாகவும் அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பதில் எழுதும் உதவியாளர் பெரும்பாலும் உங்கள் தேர்வு எழுதி வந்தவராகத்தான் இருப்பார். எத்தனையாவது முறையில் வந்தார் என்பதையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர்,
விருதுநகர் மாவட்டம்.