கருத்துக் கேட்டவர்கள் பதிலும் எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழலைக் காக்கத் தன்னார்வ அமைப்புகளும் உள்ளாட்சி மன்றங்களும் கைகோத்துச் செயல்படுவதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மரக்கன்று நடுவதையும் ஒருநாள் தூய்மைப் பணியையும் பற்றியவை. அந்த உழைப்பு மதிக்கத்தக்கதே. ஆனாலும், அதில் பங்கேற்ற மக்கள் சொன்ன கருத்து மன்றத்தின் தீர்மானத்தில் என்ன ஆயிற்று என்று தெரியாதவரை, அதை ஒத்துழைப்பு என்று ஏற்க மனம் ஒப்பவில்லை.

நீர்நிலைகளையே எடுத்துக்கொள்வோம். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்வதால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் கூடுகிறது. இரவு முழுவதும் உயிரினங்கள் சுவாசிப்பதால் விடியற்காலையில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல வகை மீன்கள் திணறத் தொடங்கும். அலுவலக நேரத்தில் வந்து மாதிரி எடுக்கும் அதிகாரியின் பதிவேட்டில் ஏரி நலமாகவே இருக்கும். கரையில் குடியிருப்பவர் பொழுது புலரும் முன் அளந்து பார்த்தால்தான் மீன்கள் செத்து மிதப்பதன் காரணம் விளங்கும். அதேவேளை, அந்த அளவீட்டைச் சரிபார்க்கும் ஆய்வக வசதியும், கழிவை விடுபவர்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் நிர்வாகத்திடமே உள்ளன. ஒருவரை விட்டு மற்றவரால் இந்த வேலையை முடிக்க இயலாது.

ஜப்பானின் கிட்டாக்யூஷு நகரில் டோபாட்டா பகுதிப் பெண்கள் சங்கத்தினர் 1960களில், ஆலைப் புகையிலிருந்து படியும் கரித்தூளைப் பேராசிரியர்களின் உதவியோடு தாங்களே ஆராய்ந்து, அந்த முடிவுகளுடன் நிர்வாகத்தையும் ஆலைகளையும் அணுகினார்கள். பின்னர் நகர நிர்வாகம் ஆலைகளுடன் மாசுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. 1990இல் அந்நகருக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருது கிடைத்தது.

1992ஆம் ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் ரியோ பிரகடனம், மக்கள் தகவல் பெறுவதையும் முடிவெடுப்பதில் பங்கேற்பதையும் தனது பத்தாவது கோட்பாட்டில் வலியுறுத்தியது. 1998இல் ஐரோப்பாவில் கையெழுத்தான, சுற்றுச்சூழல் முடிவுகளில் மக்கள் பங்கேற்பு பற்றிய ஆர்ஹஸ் உடன்படிக்கை மேலும் ஒரு படி சென்று, மக்கள் கருத்தை உரியவாறு கணக்கில் எடுக்க வேண்டும் என்றும், முடிவை அதற்கான காரணங்களோடு வெளியிட வேண்டும் என்றும் விதித்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி விதிதான். கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்பது எளிது. எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் தரும்போதுதான் நிர்வாகம் பொறுப்பேற்கிறது.

அமைப்புகளுக்கும் கடமை உண்டு. மன்றத்தின் நிதியில் இயங்கும் அமைப்பு அதே மன்றத்தின் தவற்றைச் சுட்டிக்காட்டத் தயங்கக்கூடும் என்பதால், பெறும் தொகையை அவை பொதுவில் அறிவிக்க வேண்டும்.

இத்தகைய கூட்டங்களைப் பற்றிச் செய்தி வெளியிடும் தங்கள் நாளிதழ், சில மாதங்கள் கழித்து, அங்கு முன்வைக்கப்பட்ட பரிந்துரைகளுக்கு மன்றம் தந்த எழுத்துப்பூர்வமான பதிலையும் கேட்டு வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்