தலைப்பில் ஒரு சொல் தப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சேவைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நோய்த்தணிப்பு மருத்துவர் (தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைப்பவர்) ஒருவர் பேசியதை, 'கருணைக்கொலைக்கு டாக்டர் எதிர்ப்பு' என்ற தலைப்பில் வெளியிட்டிருந்தீர்கள். அன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். அவர் பேச வந்தது மருத்துவ உதவியுடன் செய்துகொள்ளும் தற்கொலையைப் பற்றி. எல்லாம் ஒன்றுதானே என்று உங்கள் நிருபர் நினைத்திருக்கலாம். ஒன்றில்லை என்று விளக்கவே பேச்சில் பாதி நேரம் போனது.

கருணைக்கொலையில் மருத்துவரே ஊசி போடுகிறார். உதவித் தற்கொலையில் மருத்துவர் உயிரை முடிக்கும் மருந்தை எழுதித் தருவதோடு சரி, அதைக் குடிப்பது நோயாளி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் நடைமுறையில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான். நெதர்லாந்தில் 2002 முதல் இரண்டுக்கும் சட்டம் உண்டு. அப்புறம், இவற்றில் எதிலும் சேராத இன்னொன்று இருக்கிறது. பலன் தராத வென்டிலேட்டரை எடுத்துவிடுவது, இனி கீமோ வேண்டாம் என்று நோயாளி மறுப்பது. அங்கே உயிரைக் கொண்டுபோவது நோய். இதை அவர் எதிர்க்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு முழு உரிமை உண்டு என்று இரண்டு முறை சொன்னார். உங்கள் செய்தியைப் படித்த பக்கத்து வீட்டுக்காரரோ, "கடைசி வரைக்கும் ஐசியூவில் குழாய் மாட்டியே வைக்கணும்னு சொல்றாரா அந்த டாக்டர்?" என்று என்னிடம் கேட்டார்.

செய்தியில் விட்டுப்போன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஓரிகனில் இப்படி மருந்து வாங்குபவர்கள் ஏன் கேட்டார்கள் என்ற விவரம் ஆண்டுதோறும் அறிக்கையாக வருகிறது. வலி தாங்காமல் கேட்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தப் பட்டியலில் வலி கீழே கிடக்கிறது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை, பிடித்ததைச் செய்ய முடியவில்லை என்பவைதான் மேலே இருப்பவை. சமீப ஆண்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பாரம் என்ற எண்ணத்துக்கு மருந்துச்சீட்டு எழுதலாமா என்பதுதான் டாக்டருடைய கேள்வி.

சட்டம் போட்ட கோட்டில் நிற்காது என்பதற்குக் கனடாவைக் காட்டினார். 2016-இல் அங்கே சட்டம் வந்தபோது, சாவு நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2021-இல் அந்த நிபந்தனையே போய்விட்டது. மனநோய் மட்டும் உள்ளவர்களையும் சேர்க்கும் திட்டத்தை 2027 மார்ச் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

என் அம்மாவும் ஒரு நாள் "என்னை அனுப்பிடும்மா" என்று கேட்டார். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்த சமயம். வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்ஃபினை, பழக்கமாகிவிடுமோ என்று பயந்து வேளை தவறித்தான் நாங்கள் கொடுத்து வந்தோம். அம்மாவை வலியைவிட வாட்டியது மலச்சிக்கல். மார்ஃபின் கொடுத்தால் அது வரும், கூடவே மலமிளக்கியும் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த ஒரு செவிலியர்தான் இரண்டையும் சரிசெய்தார். நாலாம் நாள் அம்மா தலைவாரிவிடச் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்பது வாரம் இருந்தார். அனுப்பிடும்மா என்ற பேச்சு அப்புறம் வரவில்லை.

வலி வந்த பிறகு ஓடாமல், வருமுன்பே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கலாம் என்பதை சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், சாவை நெருங்கிய நோயாளிகளுக்காக லண்டனில் 1967-இல் தொடங்கிய காப்பகத்திலேயே செய்து காட்டினார். ஆனால் உலகில் நோய்த்தணிப்பு சிகிச்சை தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை. "என் உடம்பு, என் முடிவு. உங்களுக்கு என்ன?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டபோது, உயிர் கடவுள் தந்தது என்று சொல்லி முடித்துவிட்டார். கடவுளை நம்பாதவருக்கு அது பதிலாகுமா? இயக்க நரம்பு நோயில் கையும் காலும் விழுந்து, புத்தி மட்டும் தெளிவாக இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் அவர் தொடவில்லை. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. ஆனால் கேள்வி கேட்டவர் குரலை உயர்த்திப் பேசத் தெரிந்தவர், பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர். என் கவலை, மருமகள் முகத்தைப் பார்த்தே தண்ணீர் கேட்கத் தயங்கும் கிழவியைப் பற்றியது. இப்படி ஒரு வழி சட்டத்தில் இருந்தால், அவள் தயங்காமல் கேட்கப்போவது அதை ஒன்றைத்தான்.

பிறந்தநாள் வாழ்த்துக்கும் பொன்னாடைக்கும் நாற்பது நிமிடம், டாக்டருக்கு இருபத்தைந்து. எங்கள் சங்கத்தின் லட்சணம் அது, உங்களைக் குறை சொல்வதற்கில்லை. இருந்தும் கூட்டம் முடிந்ததும் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். படுக்கையில் இருப்பவர்கள் வீட்டில் வாரம் ஒரு மதியம் போய் உட்கார்ந்தால், பார்த்துக்கொள்பவர்கள் கொஞ்சம் வெளியே போய் வரலாம். அதற்கான பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. அதைப் பற்றிச் செய்தி போடுவதாக இருந்தால், தலைப்பை மட்டும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி