குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழா, மொட்டை மாடி ஒழுகல் வேலை, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் முடிந்தன. செலவு விவரம் பொருளாளர் அறிக்கையில் வரும்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது தண்ணீரைப் பற்றித்தான். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த பிறகு, ஒரு வீட்டின் பயன்பாடு என்று அறிவிப்புப் பலகையில் எந்த எண்ணை எழுதுவது என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தது. சராசரியா, இடைநிலை அளவா?

ஒரு தளத்தில் ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 400, 450, 500, 550, 2,600 லிட்டர். கடைசி வீட்டில் ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது. சராசரி 900. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அளவு 500. நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். நால்வர் குடும்பத்துக்கு 540 ஆகிறது. பலகையில் 900 என்று எழுதினால், சிக்கனமாக இருக்கும் குடும்பங்களும் சேர்ந்து வீணடிப்பதாகத் தோன்றும். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒழுகலை அடைத்து அந்த வீடு 600க்கு இறங்கினால் சராசரியும் 500 ஆகிவிடும். மற்ற நான்கு வீடுகளில் எதுவும் மாறியிருக்காது.

பெரிய கணக்குகளிலும் இப்படித்தான். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் 2022 கணக்கெடுப்பில் ஒரு குடும்பத்தின் சராசரி நிகரச் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டியது; இடைநிலை அளவோ இரண்டு லட்சத்தையும் எட்டவில்லை.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவிட முடியாது. லாரித் தண்ணீர் சொல்லும்போது தேவைப்படுவது மொத்த அளவு. ஐந்து வீட்டுக்கும் 500 வீதம் 2,500 லிட்டர் வாங்கினால், 4,500 செலவாகும் தளத்தில் மாலைக்குள் குழாய் வறண்டுவிடும். இடைநிலை அளவை மட்டும் பார்த்தால் ஒழுகலும் கண்ணில் படாது.

ஆகவே பலகையில் இடைநிலை அளவையும், லாரிக் கணக்கில் சராசரியையும் பயன்படுத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடும் மாதத்தில் பிளம்பரை அனுப்பிப் பார்ப்போம். எந்த வீடு என்று பலகையில் எழுத மாட்டோம். கட்டணம் அவரவர் மீட்டர்படியே தொடரும். ஆட்கள் அதிகமுள்ள வீடுகளுக்குத் தலைக்கு எவ்வளவு என்று பார்ப்பதே நியாயம் என்பது என் கருத்து. அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்ற விவரத்தை எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பரிந்துரையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்