எழுபது வருஷத்து வாக்கு

அன்பு மகள்,

நேத்து கதைக்கக்குள்ள, "வருஷப் பிறப்புக்கு எனக்கு விழுந்த வாக்குத்தத்தம் பொய்யாப் போச்சம்மா, பேப்பர் கேஸ் இன்னும் முடியல்ல" எண்டு சொல்லிப்போட்டு வச்சிட்டாய். போனில பதில் சொல்ல எனக்கு வாய் வரல்ல. அதான் எழுதுறன்.

உனக்கு விழுந்தது எரேமியா 29:11, நீங்க எதிர்பார்க்கிற முடிவைத் தருவன் எண்டு கர்த்தர் சொல்ற வசனம். தட்டில பரப்பி வச்ச அட்டையில ஆளுக்கொண்டு எடுக்கிறது எனக்கும் சந்தோசம்தான். ஆனா வசனத்தைத் தலையும் வாலும் வெட்டின மீனாக்கித்தான் அதில அடிக்கிறாங்க. மேல பத்தாம் வசனத்தைப் பார். எழுபது வருஷம் முடிஞ்ச பிறகுதான் திருப்பிக் கூட்டி வருவன் எண்டு கர்த்தர் சொல்றார். பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக் கொண்டுபோன சனத்துக்கு எருசலேமில இருந்து எரேமியா அனுப்பின கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்ட வயசாளிகள் அந்த மண்ணிலயே போய்ச் சேர்ந்திருப்பாங்க. வாக்கு சாகல்ல. பாரசீக ராசா கோரேஸ் காலத்தில சனம் திரும்பி வந்தது.

2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை. நம்மட மட்டக்களப்பில கல்லடியிலயும் நாவலடியிலயும் கடல் கொண்டுபோனவங்களுக்குள்ள, கர்த்தர் ஆபத்தில காப்பார் எண்டு சொல்ற 91ஆம் சங்கீதம் மனப்பாடமாத் தெரிஞ்சவங்களும் இருந்திருப்பாங்க. விசுவாசிச்சா ஒண்டும் வராது எண்டு ஆரும் பிரசங்கம் பண்ணினா அதனாலதான் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கேலாது. சிலுவையில செத்த இயேசுவைக் கர்த்தர் எழுப்பினார், நம்மளையும் எழுப்புவார். கடலாலயும் பறிக்கேலாத வாக்கு அது. மற்றதெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

1814ல நம்மட ஊருக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் அடுத்த வருஷமே செத்துட்டார். பெரிசா என்னத்தைக் கண்டிருப்பார்? தம்பி படிச்ச மெதடிஸ்த மத்திய கல்லூரி அவர் தொடக்கினதுதான்.

உன்ட விசுவாசம் காணாதெண்டு அழாத. நாம உண்மையில்லாமப் போனாலும் அவர் உண்மையுள்ளவர் எண்டு பவுல் தீமோத்தேயுக்கு எழுதியிருக்கிறார். ஜெபிக்க வாய் வராத ராவில அது எனக்குக் காணும்.

மறுகா, அதே கடிதத்தில ஐந்தாம் வசனத்தையும் வாசி. வீடு கட்டி இருங்க, தோட்டம் போட்டு அதில காய்க்கிறதைச் சாப்பிடுங்க எண்டிருக்கு. நீ டொரோண்டோவில இன்னும் பெட்டியைப் பிரிக்காம, பேப்பர் வந்தாப் பிறகு பாப்பம் எண்டு தரையில மெத்தையப் போட்டுப் படுக்கிறாய். பெட்டியப் பிரி. கட்டில் ஒண்டு வாங்கு. காசு காணாட்டி அப்பாட்டச் சொல்லு. அடுத்த மாசம் அங்க ஒரு ஆள் வருது, கொச்சிக்காத்தூளும் கருவாடும் குடுத்து விடுறன்.

அம்மா